செங்கற்பட்டு ஜில்லாவின் பழைய தேசப்படம்

1854-ஆம் ஆண்டில், சென்னையில் புத்தக வெளியீட்டுத் தொழில் நடத்திவந்த ஃபாரோ கம்பெனியார் தென்னிந்தியாவின் தேசப்படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார்கள். மாகாணத்தின் ஜில்லாக்களைத் தனித்தனித் தாள்களிலும், முக்கிய நகரங்களையும் ராணுவ முகாம்களையும் தனிப் படங்களிலும் காட்டும் அத்தொகுதி, அரசாங்கத்தார் நடத்திய மாபெரும் திரிகோண அளவையிலிருந்து சுருக்கி வரையப்பட்டது என்பதை அதன் தலைப்பே அறிவிக்கிறது. மறு ஆண்டில் அதே கம்பெனியார் தென்னிந்தியாவின் ஜில்லாக்களை விவரிக்கும் கெஜட்டியர் ஒன்றையும் வெளியிட்டார்கள். படத்தையும் விவரணத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, 170 ஆண்டுகளுக்கு முந்தைய தென்னாடு எவ்வாறு ஆளப்பட்டது, எவருக்கு உரியதாகக் கருதப்பட்டது என்பது தெளிவாக விளங்குகிறது. அத்தொகுதியில் செங்கற்பட்டு ஜில்லாவைக் காட்டும் தாள், இன்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே குடியிருப்பவர்களும், அங்கே தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்பவர்களும், அவர்களைவிட முக்கியமாக அங்கே புதிய மனைகளுக்குத் திட்டம் வகுப்பவர்களும் பார்த்திருக்கவேண்டிய ஒன்று என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசப்படங்களில் பல வகை உண்டு. மலை, ஆறு, சமவெளி ஆகியவற்றின் இயற்கை அமைப்பைக் காட்டுவது ஒரு வகை. எந்தப் பிரதேசம் எந்த ஆட்சிக்கு உட்பட்டது என்பதை எல்லைக் கோடுகளாலும் நிறங்களாலும் காட்டும் அரசியல் தேசப்படம் இன்னொரு வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அச்சான படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையின. செப்புத் தகட்டில் கோடுகளைப் பொறித்துக் கறுப்பு மையில் அச்சிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு தாளிலும் எல்லையோரமாகத் தூரிகையால் கையாலேயே வர்ணம் தீட்டுவது அக்காலத்து வழக்கம். அரசியல் மாறுதல் நேரும்போது தகட்டை மாற்றவேண்டிய அவசியம் பல சமயங்களில் ஏற்படவில்லை. வர்ணத்தை மாற்றினாலே போதுமானதாக இருந்தது. ராஜ்யங்கள் கைமாறிய வேகத்தை இந்தத் தொழில்முறையே நமக்கு உணர்த்துகிறது.

1854-ஆம் ஆண்டு என்பது அவ்வாறு கைமாறிய காலத்தின் ஒரு விசேஷமான தருணம். தஞ்சாவூர் நாட்டின் நிர்வாகம் 1799-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் போய்விட்டதென்றாலும், கோட்டைக்குள் மராட்டிய மன்னர் சிவாஜி இன்னும் மகாராஜா என்ற பட்டத்துடன் வீற்றிருந்தார். ஆர்க்காட்டு நவாப் குலாம் கௌஸ் கான் சென்னையில் சேப்பாக்கம் அரண்மனையில் வாழ்ந்துவந்தார். படத்தொகுதி வெளியான மறு ஆண்டில், அதாவது 1855 அக்டோபர் மாதத்திலேயே, இருவரும் ஆண் வாரிசின்றிக் காலமானார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் அரசாங்கம் இரண்டு பட்டங்களையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. மைசூரிலோ அரசர் இருந்தும் 1831 முதல் ஆங்கிலேயக் கமிஷனர்களே ஆண்டுகொண்டிருந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானும், திருவிதாங்கூர், கொச்சி அரசர்களும் தத்தம் நாட்டில் நிலைத்திருந்தார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-ஆம் ஆண்டில், வங்காளத்துச் சீராம்பூருடன் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டார்கள். செங்கற்பட்டுக் கடற்கரையைச் சேர்ந்த பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் 1825 முதல் டச்சுக்காரர் கையை விட்டு நீங்கியிருந்தன. படத்தொகுதி வெளியாகி நான்கே ஆண்டுகள் கழித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் ஒழிந்து, 1858 நவம்பர் முதல் தேதி விக்டோரியா ராணியின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஆகையால் ஃபாரோ கம்பெனியாரின் படத்தொகுதியை, மறையும் தறுவாயிலிருந்த ஓர் அரசியல் ஏற்பாட்டின் கடைசிச் சித்திரம் என்றே கூறலாம்.

இந்தச் சித்திரத்தில் செங்கற்பட்டு ஜில்லாவுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. போரில் வென்று பெற்ற நிலமாக அல்லாமல், கடன்பட்ட நவாப் ஒருவர் அளித்த ஜாகீராகவே இப்பிரதேசம் கம்பெனியாரிடம் வந்துசேர்ந்தது. பிரெஞ்சுக்காரரோடு நடந்த யுத்தங்களில் ஆங்கிலேயரின் உதவியால் ஆர்க்காட்டு ஆட்சிபீடத்தைக் காத்துக்கொண்ட நவாப் முகம்மது அலி, அந்த உதவிக்கு ஈடாகச் சென்னையைச் சூழ்ந்த இந்த நாட்டை 1763-இல் கம்பெனியாருக்குக் கொடுத்தார். டில்லி பாதுஷா ஷா ஆலம் 1765-இல் அதை உறுதிப்படுத்தினார். ஜாகீர் என்பது ஒரு நிலத்தின் வருவாயை அனுபவிக்கும் உரிமை. அவ்வுரிமையைப் பெற்றும் கம்பெனியார் உடனே நிர்வாகத்தை ஏற்கவில்லை. 1780 வரை அந்த நாட்டை நவாபுக்கே குத்தகைக்கு விட்டு, பணத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டார்கள். இவ்வாறாகத் தொண்டை மண்டலத்தின் நடுநாயகமான இந்தப் பூமி, உழுபவனுக்கும் ஊராருக்கும் தெரியாத ஒரு பத்திரத்தின் மூலம், வணிகர் சங்கம் ஒன்றின் வருவாய்க் கணக்கில் ஓர் இனமாயிற்று.

குத்தகைக் காலம் பேரழிவில் முடிந்தது. 1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி பெரும் படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி என்று கருதப்பட்ட அந்தப் போரின் காட்சியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இன்றும் ஓவியமாகக் காணலாம். போரின் உண்மையான சுமையைத் தாங்கியவர்கள் ஜாகீர் நாட்டுக் குடிகளே. ஊர்கள் வெறிச்சோடின, பராமரிப்பாரற்று ஏரிகள் உடைந்தன, தொடர்ந்து பஞ்சமும் வந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர் முதலில் மேற்கொண்ட காரியங்களில் ஏரிகளைப் பழுது பார்ப்பதும் ஒன்று. மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கோயிலில் அவர் பெயர் இன்றும் வழங்கிவருவது அதனால்தான். நிலவரி வேண்டுமானால் நெல் வேண்டும், நெல் வேண்டுமானால் ஏரியில் நீர் வேண்டும் என்ற பாடத்தை இப்பிரதேசம் ஒவ்வோர் ஆட்சியாளருக்கும் புதிதாகக் கற்பித்திருக்கிறது.

ஜாகீர் உரிமையைப் பெற்ற சில ஆண்டுகளிலேயே, நாடு நவாபின் குத்தகையில் இருந்தபோதே, கம்பெனியார் அதை அளக்கவும் முற்பட்டார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற எஞ்சினீயர் ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களைச் சுற்றி அளந்தார். நன்செய், புன்செய், தோப்பு, காடு, ஏரி, குளம், கோயில், வீடுகள் என அவர் திரட்டிய விவரங்கள் ஏராளம். அவற்றின் பயனாக உருவான படம் 1778-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் டால்ரிம்பிளின் முயற்சியால் அச்சாயிற்று. பார்னார்டு அளப்பதற்கு முன்பே அந்த விவரங்கள் ஊர்தோறும் இருந்தன என்பது நினைவில் வைக்கவேண்டிய செய்தி. கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிவந்த ஊர்க் கணக்குகளில், எந்த நிலம் எவ்வளவு விளைந்தது, அந்த விளைவிலிருந்து கோயிலுக்கும், தச்சனுக்கும், கொல்லனுக்கும், வெட்டியானுக்கும், நீர் பாய்ச்சுபவனுக்கும் எவ்வளவு பங்கு சென்றது என்பதெல்லாம் பதிவாகியிருந்தன. அத்தகைய செங்கற்பட்டு ஓலைக் கணக்குகளைப் பிற்காலத்தில் தரம்பால் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஓலையில் இருந்தது பங்கீட்டின் கணக்கு. தாளில் வரைந்தது ஆட்சியின் பரப்பு. முன்னதற்கு எல்லைக் கோடு ஒன்றும் முக்கியமாகத் தேவைப்படவில்லை. பின்னதற்கு எல்லைக் கோடே உயிர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தப் பரப்பு திடீரென்று விரிந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே ஆண்டு கட்டபொம்மனும், 1801-இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். 1801 ஜூலையில் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக தேசம் முழுவதையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டு, நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஒரே நிறத்துக்குள் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய நாட்டைத் துண்டு துண்டாக அளந்து ஒட்டினால் பிழைகள் பெருகும் என்பதை உணர்ந்த வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, திரிகோண அளவை என்னும் முறையை முன்வைத்தார்.

அம்முறையின் தத்துவம் எளிது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்காமல் கணிதத்தினாலேயே கண்டுபிடித்துவிடலாம். அவ்விரு பக்கங்களின்மேல் அடுத்தடுத்து முக்கோணங்களை எழுப்பிக்கொண்டே சென்றால் நாடு முழுவதும் ஒரு வலைக்குள் அடங்கிவிடும். ஆனால் முதற்பக்கத்தை மாத்திரம் மண்ணின்மேல் மிக நுட்பமாக அளந்தாகவேண்டும். அந்த முதற்பக்கம் அளக்கப்பட்ட இடம் இன்றைய ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற் பிரதேசத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கித் தெற்கு நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோட்டை, 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி ஆரம்பித்து மே மாதக் கத்திரி வெயிலில், 100 அடி எஃகுச் சங்கிலியால், ஏறத்தாழ 400 முறை மரப்பெட்டிகளில் கிடத்திக் கிடத்தி லாம்டன் அளந்தார். வெப்பத்தால் எஃகு நீளும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் உஷ்ணமானியைப் பார்த்துத் திருத்தம் செய்தார். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டின் எடை மாத்திரம் சுமார் அரை டன். குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களின்மேல் அதை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கிய அதன் வட்டத்தை லாம்டனே வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தினார். பரங்கிமலையில் தொடங்கிய அந்த வலைதான் பிற்காலத்தில் இமயமலை வரை சென்று அதன் சிகரங்களின் உயரத்தை உலகுக்குச் சொல்லியது.

லாம்டனின் பெயரைச் சரித்திரம் காத்துவைத்திருக்கிறது. அவரோடு உழைத்த மற்றவர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நிறுவிய அளவைப் பள்ளி, அனாதை விடுதியிலிருந்து சிறுவர்களைச் சேர்த்து அவர்களுக்கு அளவைத் தொழிலைப் பயிற்றியது. அதுவே காலப்போக்கில் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளியில் பயின்ற இளைஞர்களும், கொடி பிடித்து மலையேறிய கூலியாட்களும், ஊர்ப்பெயரையும் எல்லையையும் சொல்லிக்கொடுத்த மணியக்காரர்களும் கணக்குப்பிள்ளைகளும் இல்லாமல் அந்தப் படங்களில் ஒன்றும் உருவாகியிருக்காது. அவர்கள் திரட்டியவை லண்டனுக்குச் சென்று, 1827 முதல் நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற விகிதத்தில் இந்திய அட்லஸ் தாள்களாகச் செப்புத் தகட்டில் பொறிக்கப்பட்டு வெளிவந்தன. அந்த விகிதத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலத்துக்குள் இன்று லட்சக்கணக்கானோரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

அரசியல் தேசப்படம் காட்டாதவற்றையும் நாம் நினைத்துப்பார்க்கவேண்டும். ஒரே நிறம் தீட்டிய இந்த ஜில்லாவுக்குள் நிலம் யாருடையது என்ற கேள்வி நூற்றாண்டு முழுவதும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு கொண்டாடிய மிராசுதாரர்களின் உரிமை எத்தகையது என்று 1818-இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை விரிவாக எழுதினார். அந்த உரிமைக்குக் கீழே, தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்தும் ஒரு காணி நிலமும், குடிசை போட்ட மனையும்கூடத் தமக்கென்று இல்லாத மக்கள் இருந்தார்கள். 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர்கள் பட்ட துன்பங்களை நேரில் விசாரித்து அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்த உத்தரவின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். அவற்றை மீட்கும் போராட்டம் இன்றளவும் முடியவில்லை. எல்லையை அவ்வளவு துல்லியமாக வரைந்த தாளில் இந்த மக்களின் இருப்புக்கு ஓர் அடையாளமும் இல்லை என்பதைப் படிப்பவர் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும்.

பெரிய படங்களுக்குப் பின் சிறிய படங்கள் வந்தன. 1858-இல் தொடங்கிய வருவாய்த்துறை அளவை, ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளந்து, எண் கொடுத்து, புலப்படம் வரைந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் யாரிடம் பேசினாலும் நிலத்தைப் பற்றிய பேச்சு சர்வே எண்ணில்தான் தொடங்கும். சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையிலும், ஒரகடத்திலும், வல்லம் வடகாலிலும், பிள்ளைப்பாக்கத்திலும் நிலம் எடுத்தபோது அறிவிக்கைகளில் வரிசையாக நின்றவை அந்த எண்களின் வழிவந்தவையே. நிலவரிக்காகப் பிறந்த அளவை தொழிற்சாலைக்கான அளவையாக மாறியது. ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ரெனோ-நிசான் 2010-இல் ஒரகடத்தில் தொடங்கியது. நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி 2014-இல் நிறுத்தியது. ராமாநுஜரின் அவதார ஸ்தலமென்று உலகம் அறிந்த ஊர், ஒரு தலைமுறைக்குள் உலகத்தின் உற்பத்திப் படத்தில் ஒரு புள்ளியாயிற்று.

எல்லைகளோ ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜாகீராக இருந்தது செங்கற்பட்டு ஜில்லாவாயிற்று. நூற்றாண்டின் நடுவில் சில காலம் சென்னை ஜில்லா என்ற பெயரைத் தாங்கி, மறுபடியும் செங்கற்பட்டு ஆயிற்று. 1997-இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் காஞ்சிபுரம் தாலுகாவின் ஒரு பகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் இன்று தானே ஒரு தாலுகா. 250 ஆண்டுகளுக்குள் நவாபும், பாதுஷாவும், கம்பெனியும், மகாராணியும் இந்த மண்ணின்மேல் கொண்டாடிய உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன.

மறையாமல் நின்றவை ஏரிகளே. பழைய தாள்களை இன்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அத்தனை நிறமாற்றங்களுக்கும் நடுவில் ஏரிகளின் கரைக்கோடுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பதைக் காண்பார்கள். இந்தப் பிரதேசத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்யும் சில வாரங்களில் கிடைக்கும் நீரைத் தேக்குவதற்காக, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பி, மதகு வைத்து, மிகுந்த நீர் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்லுமாறு முன்னோர் அமைத்தார்கள். இந்த ஏரிகள் ஒரு குடும்பத்துச் சகோதரர்களைப் போன்றவை. மேலேயுள்ளது நிறைந்தால்தான் கீழேயுள்ளது நிறையும், மேலேயுள்ளதன் வழியை அடைத்தால் கீழேயுள்ளது தவிக்கும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது. செம்பரம்பாக்கம் நிறைந்தால் அடையாற்றுக்கு. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டபோது, அந்தக் குடும்ப உறவு எவ்வளவு வலியது என்பதைச் சென்னை நகரம் மிகுந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. தாலுகா எல்லையோ, மாவட்ட எல்லையோ, தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவரோ அந்த நீருக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலைகள் வேண்டாமென்று நான் கூறவில்லை. வானம் பார்த்த பூமியில் ஒரு போகத்துக்கும் உறுதியில்லாமல் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாதச் சம்பளம் பெறுவது சாமானியமான நன்மையன்று. ஆனால் ஆட்சியாளரின் உரிமையை மாத்திரம் காட்டும் படத்தை வைத்துக்கொண்டு நிலத்தை முழுவதும் அறிந்துவிட்டதாக எண்ணுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பிழை. அதே பிழையை மனைப்பிரிவு வரைபடத்தை மாத்திரம் பார்த்து நாமும் செய்யக்கூடாது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பெரிய நூலகங்களிலும் பழைய ஜில்லாப் படங்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வல்லம், மாம்பாக்கம், ஒரகடம், சுங்குவார்சத்திரம் போன்ற ஊர்களின் பள்ளிகளில், பூகோள பாடத்தின் முதல் படமாக அவ்வூரையே காட்டும் பழைய தாளின் பிரதி ஒன்றைத் தொங்கவிடலாம். தங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே இருந்தது, நீர் எந்த ஊருக்குச் சென்றது, இன்று அவ்வழியில் என்ன நிற்கிறது என்று மாணவர்களே நடந்து சென்று குறித்துவரலாம். லாம்டனின் கணிதத்தைக் கற்பிக்க அதைவிடச் சிறந்த வயல்வெளியும் கிடையாது. அதற்கு மேலாக, ஒரு புதிய தொழிற்பேட்டைக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள், சர்வே எண்களின் பட்டியலோடு அந்த இடத்தின் பழைய படத்தையும் கட்டாயம் பரிசீலிக்கவேண்டும் என்று ஒரு விதியை அரசாங்கம் செய்யுமானால், அளந்தவர்களும் அளவை சொன்னவர்களும் அந்தக் கொடிய வெயிலில் பட்ட பிரயாசை, அவர்கள் எண்ணிப்பாராத ஒரு நன்மைக்குப் பயன்பட்டதாகும்.